சம்பளத்தில் 20% குறைத்துக்கொண்டால் வீட்டிலிருந்தே வேலை! பெரிய சட்ட நிறுவனங்களில் என்ன நடக்கிறது?

ஆண்டு முழுக்க வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். ஆனால் சம்பளத்தில் 20 சதவீதம் கட். சம்மதமா?

2022 மே மாதம் லண்டனின் ஸ்டீஃபன்சன் ஹார்வுட் என்ற சட்ட நிறுவனம் தன் ஊழியர்களிடம் ஏறக்குறைய இப்படித்தான் கேட்டது. அங்கே தகுதி பெற்றுப் புதிதாகச் சேரும் இளம் வழக்கறிஞரின் ஆண்டுச் சம்பளம் அப்போது சுமார் 90,000 பவுண்டு. முழுநேர வொர்க் ஃப்ரம் ஹோம் வேண்டுமென்றால் அது 72,000 ஆகும். வாரத்தில் இரண்டு நாள் வரை வீட்டிலிருந்து வேலை பார்க்க அங்கே ஏற்கெனவே அனுமதி இருந்தது. அதற்குச் சம்பளக் குறைப்பு இல்லை. ஐந்து நாளும் வீட்டிலேயே என்றால்தான் 18,000 பவுண்டு போகும்.

லண்டன் பத்திரிகைகள் இதைப் பிடித்துக்கொண்டு பல நாள் பேசின. 'ரயில் சீசன் டிக்கெட்டே எவ்வளவு ஆகுது, லாபம்தான்' என்றது ஒரு தரப்பு. 'அதே வேலை, அதே நேரம், கிளையன்ட்டிடம் வாங்கும் ஃபீஸும் அதே. அப்புறம் சம்பளம் மட்டும் ஏன் குறையணும்?' என்றது இன்னொரு தரப்பு. இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் யாரிடமும் இல்லை.

கொரோனா முடிந்து இத்தனை காலம் ஆகிவிட்டது. ஐடி, வங்கி என எல்லாத் துறைகளிலும் இந்தச் சண்டை நடந்தது. ஆனால் அமெரிக்கா, பிரிட்டனின் பெரிய சட்ட நிறுவனங்களில் அது வேறு மாதிரி நடந்தது. உலகிலேயே அதிகச் சம்பளம் வாங்கும் இளைஞர்களில் ஒரு கூட்டம் அங்கேதான் இருக்கிறது. அதே கூட்டம்தான் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டும் போகிறது.

6 நிமிடத்துக்கு ஒரு கணக்கு

முதலில் இந்த நிறுவனங்கள் எப்படிச் சம்பாதிக்கின்றன என்று பார்த்துவிடலாம். அது புரியாமல் மற்றது புரியாது.

மேலே பார்ட்னர்கள், அதாவது நிறுவனத்தின் பங்குதாரர்கள். லாபம் அவர்களுக்கு. கீழே அசோசியேட்கள். சட்டக் கல்லூரி முடித்து நேராக வருபவர்கள். இவர்களுக்கு மாதச் சம்பளம், போனஸ். அசோசியேட் உழைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிளையன்ட்டுக்கு பில் போகும். ஒரு மணி நேரத்தைப் பத்துத் துண்டாக வெட்டி, 6 நிமிடத்துக்கு ஒரு பதிவு. போன் பேசினால் ஒரு துண்டு, மெயில் அடித்தால் ஒரு துண்டு.

பல நிறுவனங்களில் ஆண்டுக்கு 1,900 முதல் 2,000 மணி நேரம் வரை பில் போட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. கேட்க சாதாரணமாக இருக்கும்: வாரத்துக்கு 40 மணி நேரம், 50 வாரம். ஆனால் இது பில் போடக்கூடிய நேரம் மட்டும். சாப்பாடு, உள் மீட்டிங், பயிற்சி, ஃபைலைத் தேடி அலைவது எதுவும் இதில் வராது. நிஜத்தில் வேலை நேரம் இதைவிட வெகு அதிகம். இரவு 11 மணிக்கு வரும் மெயிலுக்கு 11.15-க்குப் பதில் போகும்.

மணிக்கு 800 டாலர் என்று வைத்துக்கொண்டால் 2,000 மணி நேரம் என்பது 16 லட்சம் டாலர். அதில் சம்பளம், வாடகை, இதர செலவு போக மிச்சம் பார்ட்னர்களுக்கு. முதல் ஆண்டு அசோசியேட்டால் பெரிய லாபம் கிடையாது, ஏனென்றால் 'புதுப் பையன் கற்றுக்கொள்வதற்கு நாங்கள் ஏன் காசு கொடுக்கணும்' என்று பல கார்ப்பரேட் கிளையன்ட்கள் அந்த நேரத்துக்குப் பணம் தர மறுக்கிறார்கள். மூன்றாம், நான்காம் ஆண்டில்தான் ஆள் தயாராகிறார். சரியாக அந்த நேரத்தில்தான் அவர் கிளம்பவும் செய்கிறார். அமெரிக்காவில் இதைத் தொடர்ந்து கணக்கெடுக்கும் என்ஏஎல்பி ஃபவுண்டேஷனின் ஆய்வுகள்படி, விலகும் அசோசியேட்களில் ஐந்தில் நான்கு பேர் சேர்ந்து ஐந்து ஆண்டுகளுக்குள் போய்விடுகிறார்கள்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. எல்லோரும் இருந்துவிட்டாலும் நிறுவனத்துக்குச் சிக்கல்தான். நூறு பேர் சேர்ந்தால் ஒரு சிலர்தான் பார்ட்னர் ஆக முடியும். மேலே போ, இல்லையென்றால் வெளியே போ என்பதுதான் நூறாண்டுப் பழைய ஃபார்முலா. நிறுவனங்களின் கவலை ஆட்கள் போவது அல்ல. போகக் கூடாத ஆள், போகக் கூடாத நேரத்தில் போவதுதான். அந்த இடத்தில் இன்னொருவரைக் கொண்டுவர, ஆள்பிடிக்கும் ஏஜென்சிக்குக் கொடுக்கும் கமிஷனில் தொடங்கி, பாதியில் நின்ற வழக்கைப் புதியவர் படித்து முடிப்பது வரை சேர்த்தால் 2 லட்சம் முதல் 5 லட்சம் டாலர் வரை ஆகும் என்பது அந்தத் துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

2021: காசை இறைத்தும் நிற்கவில்லை

2007-ல் அமெரிக்கப் பெரிய நிறுவனங்களில் முதல் ஆண்டு அசோசியேட்டுக்கு 1,60,000 டாலர். 2016 வரை ஒன்பது ஆண்டுகள் அந்த எண் அசையவே இல்லை. பிறகு 1,80,000, 2018-ல் 1,90,000.

கொரோனாவின்போது கதை மாறியது. வட்டி குறைவு, கம்பெனிகள் ஒன்றையொன்று வாங்கிக்கொண்டிருந்தன, பங்குச்சந்தையில் புதுப் புதுப் பட்டியலிடல்கள். சட்ட வேலை மலைபோலக் குவிந்தது. ஆள் இல்லை. 2021 ஜூனில் முதல் ஆண்டுச் சம்பளம் 2,02,500 டாலர் ஆனது. 2022 தொடக்கத்தில் 2,15,000. சம்பளம் தவிர சிறப்பு போனஸ் வேறு. ஒரு நிறுவனம் காலையில் அறிவித்தால் மாலைக்குள் மற்றவை 'நாங்களும்' என்று மெயில் அனுப்பின. (இப்போது அந்த முதல் ஆண்டுச் சம்பளம் 2,25,000 டாலர். நம்மூர்க் கணக்கில் 2 கோடி ரூபாய்க்கு அருகில்.)

அப்படியும் நிற்கவில்லை. தாம்சன் ராய்ட்டர்ஸும் ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரியும் சேர்ந்து 2022 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கைப்படி, 2021 நவம்பரோடு முடிந்த 12 மாதங்களில் அசோசியேட்களின் விலகல் விகிதம் 23.2 சதவீதம். கிட்டத்தட்ட நான்கில் ஒருவர்.

அந்த அறிக்கையில் இன்னொரு சங்கதியும் இருந்தது, அதிகம் பேசப்படாதது. ஆட்களை நன்றாகத் தக்கவைத்த நிறுவனங்களையும், அதிகம் இழந்த நிறுவனங்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். தக்கவைத்தவை சம்பளத்தை அதிகம் ஏற்றியிருக்கும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு. அங்கே சம்பள உயர்வு குறைவாகவே இருந்தது. இத்தனைக்கும் அங்கிருந்தவர்கள் குறைவாக வேலை செய்யவும் இல்லை. வேலைக்கு மதிப்பு கிடைக்கிறது, தன்னை யாரோ கவனிக்கிறார்கள் என்ற உணர்வுதான் அவர்களை நிறுத்தியிருந்தது.

சம்பளம் எல்லா இடத்திலும் ஒன்றே ஆகிவிட்ட பிறகு, சம்பளத்தை வைத்து யாரையும் பிடித்துவைக்க முடியாது. வேறு எதையாவது கொடுத்தாக வேண்டும்.

'எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பாருங்கள்'

2021 டிசம்பரில் குயின் இமானுவல் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜான் குயின் ஊழியர்களுக்கு ஒரு மெமோ அனுப்பினார். அமெரிக்காவில் இருக்கும் அவர்களின் வழக்கறிஞர்கள் இனி நாட்டின் எந்த மூலையிலிருந்தும் வேலை பார்க்கலாம், இது தற்காலிக ஏற்பாடு அல்ல என்பது அதன் சாரம். கோர்ட் வழக்குகளை மட்டுமே எடுக்கும் பெரிய நிறுவனம் அது. மற்ற பெரிய நிறுவனங்கள் 'வாரத்தில் இரண்டு நாளா, மூன்று நாளா' என்று அளந்துகொண்டிருந்தபோது இவர்கள் கணக்கையே கிழித்துப் போட்டார்கள்.

இதில் தாராள மனசு மட்டும் இல்லை, வியாபாரமும் இருக்கிறது. தங்களுக்கு அலுவலகமே இல்லாத ஊரில் இருக்கும் நல்ல வழக்கறிஞரையும் இனி அவர்களால் வேலைக்கு எடுக்க முடியும். நியூயார்க்கை விட்டுக் கிளம்பும் குடும்பஸ்தர் ராஜினாமா செய்யவும் வேண்டியதில்லை.

இதற்கும் முன்பே, 2020 ஜூலையில், ஹஷ் பிளாக்வெல் நிறுவனம் 'தி லிங்க்' என்ற பெயரில் ஒரு அலுவலகத்தைத் தொடங்கியது. கட்டடம் கிடையாது. முழுக்க ஆன்லைன். ஆனால் நிறுவனத்தின் கணக்கில் அது ஒரு முழு அலுவலகம், சென்னைக் கிளை, கோவைக் கிளை என்பது போல. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் 'ஆபீஸுக்கு வராதவர்' ஆக இல்லாமல், 'அந்த ஆபீஸ்காரர்' ஆகிவிடுகிறார்.

வழக்கறிஞர்களுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி லைசென்ஸ். நியூயார்க் லைசென்ஸ் வைத்திருப்பவர் வேறொரு மாநிலத்தில் தன் அம்மா வீட்டிலிருந்து லேப்டாப்பைத் திறந்தால், அங்கே லைசென்ஸ் இல்லாமல் தொழில் செய்ததாகுமா? அமெரிக்கன் பார் அசோசியேஷன் 2020 டிசம்பரில் 495-ஆம் எண் கருத்துரையில் இதற்குப் பதில் சொன்னது: உள்ளூர்ச் சட்டம் தடுக்காத வரை, அந்த மாநிலத்தில் போர்டு மாட்டி உள்ளூர் கிளையன்ட்டைப் பிடிக்காத வரை, பிரச்சினை இல்லை. வரி மட்டும் வேறு கதை. வேலை நியூயார்க் நிறுவனத்துக்கு, வீட்டிலிருந்து வேலை பார்ப்பது சொந்த வசதிக்காக என்றால், வெளி மாநிலத்தில் உட்கார்ந்திருந்தாலும் நியூயார்க் தன் வருமான வரியைக் கேட்கும்.

காற்று திரும்பியது

2021 ஜூனில் மோர்கன் ஸ்டான்லி வங்கியின் அன்றைய தலைவர் ஜேம்ஸ் கோர்மன் தன் ஊழியர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்: நியூயார்க்கில் ரெஸ்டாரன்ட்டுக்குப் போக முடிகிறதென்றால் ஆபீஸுக்கும் வர முடியும். அடுத்த மாதமே அந்த வங்கியின் தலைமைச் சட்ட அதிகாரி எரிக் கிராஸ்மன், தங்களுக்கு வேலை பார்க்கும் வெளிச் சட்ட நிறுவனங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். வழக்கறிஞர்களை ஆபீஸுக்குத் திரும்பக் கூப்பிடுங்கள், அப்படிச் செய்யும் நிறுவனங்களே முன்னால் நிற்கும் என்ற தொனியில். கோடிக்கணக்கில் ஃபீஸ் கொடுக்கும் கிளையன்ட் இப்படி எழுதினால் பார்ட்னர்களின் காதில் அது எப்படி விழும்?

ஆனாலும் உடனே எதுவும் நடக்கவில்லை. ஆள் பற்றாக்குறை இருந்த வரை அசோசியேட்டிடம் யாரும் கடுமையாகப் பேசத் துணியவில்லை. 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. கம்பெனிகளை வாங்குவதும் விற்பதும் படுத்தன. 2,000 மணி நேரம் பில் போட வேலையே இல்லை. 2022 நவம்பரில் கூலி நிறுவனம் 78 வழக்கறிஞர்கள் உட்பட 150 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த இரண்டு மாதத்தில் குட்வின் நிறுவனமும் ஆள்குறைப்பு செய்தது.

பிறகுதான் ஆபீஸ் விதிகள் இறுகின. 2023-ல் டேவிஸ் போல்க் நிறுவனம் அசோசியேட்களிடம், வாரத்தில் மூன்று நாளாவது வராவிட்டால் போனஸ் குறையலாம் என்றது. சிட்லி ஆஸ்டின், ரோப்ஸ் அண்ட் கிரே ஆகியவையும் வருகையை போனஸோடு முடிச்சுப்போட்டன. ஸ்காடன் நான்கு நாள் என்றது. 2025-ல் சல்லிவன் அண்ட் குரோம்வெல் ஐந்து நாளும் வரச் சொன்னது. பல நிறுவனங்களில் வாசலில் தேய்க்கும் அடையாள அட்டைதான் சாட்சி.

போனஸ் என்றால் சில்லறை இல்லை. 2023 இறுதியில் இந்த அளவிலான நிறுவனங்கள் கொடுத்த ஆண்டு போனஸ், அனுபவத்தைப் பொறுத்து 15,000 டாலரில் தொடங்கி 1,15,000 டாலர் வரை போனது. ஸ்டீஃபன்சன் ஹார்வுட் வெளிப்படையாக 20 சதவீதம் என்று விலை ஒட்டியது. நியூயார்க் நிறுவனங்கள் அதையே கொஞ்சம் நாசூக்காகச் செய்தன, அவ்வளவுதான்.

(ஐடியில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதை. 2024-ல் டிசிஎஸ் இதே வழியில்தான் போனது. வருகை 85 சதவீதத்தைத் தாண்டினால் முழு வேரியபிள் பே, 60-க்குக் கீழே போனால் ஒன்றும் கிடையாது.)

விதிகள் இறுகிய அதே காலத்தில் விலகல் குறைந்தது. அதனால் ஆபீஸுக்குக் கூப்பிட்டாலும் யாரும் போவதில்லை, பார்த்தீர்களா என்று சிலர் வாதிடுகிறார்கள். வாதம் இங்கேதான் சறுக்குகிறது. வெளியே வேலை இல்லாதபோது யாரும் விலக மாட்டார்கள். அதை விசுவாசக் கணக்கில் எழுத முடியாது.

ஆபீஸ்காரர்களின் வாதம் வெறும் பிடிவாதமா?

இல்லை. இதுதான் இந்த விவகாரத்தில் கஷ்டமான பகுதி.

ஒரு சட்ட மாணவர் கல்லூரியில் கற்பது சட்டம். தொழில் அல்ல. ஒப்பந்தத்தில் எந்த வரியை விட்டுக்கொடுக்கலாம், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கத்தும்போது எப்போது மௌனமாக இருக்க வேண்டும், பதற்றத்தில் இருக்கும் கிளையன்ட்டிடம் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது, இதெல்லாம் பார்ட்னரின் அறையில் ஓரமாக உட்கார்ந்து, ஸ்பீக்கர்போனில் நடப்பதைக் கேட்டுக் கேட்டு ஏறுவது. நம்மூரில் சீனியரின் சேம்பரில் ஜூனியர் இருப்பது போலத்தான்.

வீட்டில் இருக்கும் ஜூனியர் எழுதிய வரைவு எப்படித் திரும்பி வரும்? பக்கம் முழுக்கச் சிவப்பு அடித்தல் திருத்தலோடு. என்ன மாறியது என்று தெரியும். ஏன் மாறியது என்று தெரியாது. ஆபீஸ் என்றால் கதவைத் தட்டி இரண்டு நிமிடத்தில் கேட்டுவிடலாம். வீட்டிலிருந்து கேட்க ஒரு மெயில் அடிக்க வேண்டும். 'இதுகூடத் தெரியாதா' என்று நினைத்துவிடுவாரோ என்ற தயக்கத்தில் அந்த மெயில் போகாது.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது, சட்டத் துறையிலிருந்து அல்ல, மென்பொருள் துறையிலிருந்து. நடாலியா இமானுவல், எம்மா ஹாரிங்டன், அமண்டா பாலைஸ் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் பொறியாளர்களை ஆராய்ந்தார்கள். சில குழுக்கள் முழுவதும் ஒரே கட்டடத்தில். சில குழுக்கள் இரண்டு கட்டடங்களில் பிரிந்து. ஒரே கட்டடத்தில் இருந்தவர்களுக்கு அவர்கள் எழுதிய கோடுக்கு அதிகக் கருத்துகள், திருத்தங்கள் கிடைத்தன. கொரோனாவில் ஆபீஸ் மூடியதும் அந்த வித்தியாசம் மறைந்தது. இளையவர்களுக்கும் பெண்களுக்கும்தான் பக்கத்தில் உட்கார்வதன் பலன் அதிகம்.

ஆனால் அதே ஆய்வின் மறுபாதியைப் பார்ட்னர்கள் மேற்கோள் காட்டுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த சீனியர்களின் சொந்த உற்பத்தி குறைந்தது. சொல்லிக்கொடுக்க நேரம் வேண்டும், அந்த நேரம் எங்கிருந்தோ கழியத்தான் வேண்டும். சட்ட நிறுவனத்தில் அது எங்கிருந்து கழியும்? ஜூனியருக்கு விளக்கிய அரை மணி நேரத்துக்கு எந்த கிளையன்ட்டும் பணம் தர மாட்டார். சீனியருக்கும் 2,000 மணி நேர டார்கெட் இருக்கிறது.

அசோசியேட்களிடமிருந்து அடிக்கடி வரும் புகார் இதுதான்: ஒரு மணி நேரம் பயணம் செய்து ஆபீஸுக்கு வந்தால் பார்ட்னர் அறை இருட்டாக இருக்கிறது. அவர் தன் வீட்டிலிருந்து ஜூமில் வருகிறார். ஜூனியர் ஆபீஸ் மேஜையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதே ஜூமில் உட்காருகிறார். அட்டையைத் தேய்த்ததற்குக் கணக்கு இருக்கிறது. சொல்லிக்கொடுத்ததற்கு எந்தக் கணக்கும் இல்லை. போனஸைக் கற்பிக்கும் நேரத்தோடு முடிச்சுப்போட்டிருந்தால், 'பயிற்சிக்காகத்தான் கூப்பிடுகிறோம்' என்ற பேச்சை நம்புவது எளிதாக இருந்திருக்கும்.

வீட்டிலிருந்து வேலை, ஆளை நிறுத்துமா?

இதுவரை வந்ததில் உறுதியான ஆய்வு என்றால் 2024 ஜூனில் 'நேச்சர்' இதழில் வந்ததைத்தான் சொல்ல வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பொருளாதார நிபுணர் நிக்கோலஸ் ப்ளூமும் சகாக்களும் சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களை வைத்து ஆறு மாதம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியினர் ஐந்து நாளும் ஆபீஸ். மற்றவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் வீடு. யார் எந்தப் பக்கம் என்பதை அவர்களின் பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பது தீர்மானித்தது. அதனால் 'சோம்பேறிகள்தான் வீட்டைக் கேட்பார்கள்' என்ற வாதத்துக்கே இடமில்லை.

இரண்டு நாள் வீட்டிலிருந்தவர்களில் வேலையை விடுபவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். மேலாளர் அல்லாதவர்கள், பெண்கள், தூரத்திலிருந்து வருபவர்கள் ஆகியோரிடம் இது தெளிவாகத் தெரிந்தது. செயல்திறன் மதிப்பீட்டிலோ பதவி உயர்விலோ வித்தியாசம் இல்லை. சோதனைக்கு முன் மேலாளர்களைக் கேட்டபோது உற்பத்தி சராசரியாக 2.6 சதவீதம் விழும் என்றார்கள். முடிந்த பிறகு கேட்டபோது 1 சதவீதம் ஏறியதாகச் சொன்னார்கள்.

ஆனால் அது பயண டிக்கெட் விற்கும் நிறுவனம். அங்கே 6 நிமிடக் கணக்கு கிடையாது. சோதித்ததும் ஹைபிரிட் முறையைத்தான், ஐந்து நாளும் வீடு என்பதை அல்ல. குயின் இமானுவலின் முடிவுக்கு இதை அப்படியே சான்றாகக் காட்ட முடியாது. ஐந்து நாளும் ஆபீஸ் என்று சொல்பவர்களுக்குத்தான் இது நேரடியாகச் சங்கடம்.

வழக்கறிஞர்களே என்ன சொன்னார்கள்? அமெரிக்கன் பார் அசோசியேஷனின் 2022 ஆய்வில், தொழிலுக்கு வந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகாத இளம் வழக்கறிஞர்களில் 44 சதவீதம் பேர், வீட்டிலிருந்து வேலை பார்க்க அதிக வாய்ப்பு தரும் இடம் கிடைத்தால் இப்போதைய வேலையை விடுவோம் என்றார்கள். சொல்வது வேறு, ராஜினாமா கடிதம் கொடுப்பது வேறு என்பது உண்மைதான். சேர்ந்த புதிதில் கல்விக்கடன் தவணை இருக்கும்போது எல்லோரும் பொறுத்துக்கொள்வார்கள். கடன் தீர்ந்த மறுமாதம் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

பெண்களின் கணக்கு இதில் தனியாகப் பார்க்க வேண்டியது. என்ஏஎல்பி அமைப்பின் கணக்குப்படி 2023-ல் அமெரிக்கச் சட்ட நிறுவனங்களின் அசோசியேட்களில் பெண்கள் முதன்முறையாக 50 சதவீதத்தைத் தாண்டினார்கள். அதே ஆண்டு பார்ட்னர்களில் பெண்கள் 28 சதவீதத்துக்கும் கீழே. பாதிப் பேராக உள்ளே வருகிறார்கள், மேலே போகும்போது கால்வாசியாகச் சுருங்குகிறார்கள். நடுவில் இருக்கும் ஆண்டுகள், அதாவது முப்பதுகளின் தொடக்கம், குழந்தை பிறக்கும் காலமும்கூட.

ஆபீஸுக்கு வரச் சொன்னால் இவர்களில் பலர் வேலையை விட்டுவிடுவார்கள். வீட்டிலேயே இருந்தால், மென்பொருள் ஆய்வு காட்டியதுபோல, கற்றுக்கொள்வதில் அதிகம் இழப்பதும் இவர்களே. பார்ட்னர் தேர்வின்போது 'அந்தப் பெண் யார்? முகமே ஞாபகமில்லையே' என்ற பேச்சும் வரும். இரண்டு பக்கமும் இடிக்கும் கதை இது. வாரத்தில் எத்தனை நாள் என்ற ஒற்றை எண்ணால் இதைத் தீர்க்க முடியாது. குறிப்பிட்ட ஒரு வழக்குக் குழு குறிப்பிட்ட நாளில் பார்ட்னர் உட்பட மொத்தமாக வருவது என்ற ஏற்பாடு கொஞ்சம் உதவலாம். ஆனால் அதற்கு முதலில் பார்ட்னர் வர வேண்டும்.

ஆபீஸே இல்லாத நிறுவனத்தில் நடந்தது

கட்டடமே இல்லாமல் ஒரு பெரிய சட்ட நிறுவனம் நடத்த முடியுமா? நடத்தினார்கள். ஃபிஷர்பிராய்ல்ஸ் 2002-லேயே, ஜூம் என்ற பெயர்கூட இல்லாத காலத்தில், ஆபீஸ் இல்லாத நிறுவனமாக அட்லாண்டாவில் தொடங்கியது. வாடகை இல்லை, அலங்கார வரவேற்பறை இல்லை. வழக்கறிஞர் தானே கொண்டுவந்து தானே முடிக்கும் வேலையின் ஃபீஸில் 80 சதவீதம் வரை அவருக்கே. 2021-ல் வருவாய் அடிப்படையில் அமெரிக்காவின் முதல் 200 சட்ட நிறுவனங்கள் பட்டியலில் அது இடம்பிடித்தது. இப்படிப்பட்ட ஒரு நிறுவனம் அந்தப் பட்டியலில் வருவது அதுவே முதல்முறை.

அங்கே யார் வேலை பார்த்தார்கள் என்று பார்த்தால் ஒன்று புலப்படும். பெரும்பாலும் பார்ட்னர்கள். வேறு நிறுவனங்களில் பத்து, இருபது ஆண்டுகள் தொழில் பழகி, சொந்தமாக கிளையன்ட்டும் வைத்திருப்பவர்கள். கல்லூரி முடித்த கையோடு வரும் ஜூனியர்களைப் படையாகச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. அந்த வேலையையும் செலவையும் மற்ற நிறுவனங்கள் ஏற்கெனவே செய்து முடித்திருந்தன.

2024 ஜனவரி 1 அன்று அங்கிருந்து சுமார் 130 பார்ட்னர்கள் ஒரே மூச்சில் வெளியேறி பியர்சன் ஃபெர்டினாண்ட் என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதற்கும் ஆபீஸ் கிடையாது. காலி செய்ய யாருக்கும் மேஜை இருக்கவில்லை. டிசம்பர் 31 அன்று எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்களோ, அதே நாற்காலியில், அதே வீட்டில், மறுநாள் வேறு நிறுவனத்தின் பார்ட்னர்களாக லேப்டாப்பைத் திறந்தார்கள்.